படித்தது பரீட்சை ஹாலில் ஏன் வருவதில்லை? மூளையும் பதற்ற ரசாயனங்களும்: வாசகர் கேள்வி – பதில்

பதில்களுக்கு முன் சொல் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'மன அழுத்தம்' என்ற சொல்லைத் தமிழில் இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். வேலைப்பளுவும் பதற்றமும் தருகிற டென்ஷன் ஒன்று. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் போகும் டிப்ரெஷன் என்கிற நோய் மற்றொன்று. இந்தப் பக்கத்தில் முதலாவதை மன அழுத்தம் என்றும் இரண்டாவதை மனச்சோர்வு என்றும் எழுதுகிறோம். இரண்டும் ஒன்றையொன்று தூண்டும். ஆனால் சிகிச்சை ஒன்றல்ல.

கேள்வி: வீட்டில் ஒப்பித்தால் ஒரு வரி பிசகாமல் வருகிறது. அரையாண்டுத் தேர்வில் வேதியியல் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் மூளையே ஓடவில்லை. ஹாலை விட்டு வெளியே வந்து அரை மணி நேரத்தில் விடை முழுக்க ஞாபகம் வந்தது. எனக்கு ஞாபக சக்தி குறைவா? பொதுத்தேர்வுக்கு என்ன செய்வது?
– ப்ளஸ் டூ மாணவி, விருதுநகர்

பதில்: பிறகு ஞாபகம் வந்தது என்றால், படித்தது நன்றாகவே பதிந்திருக்கிறது. பதிந்ததை எடுக்கும் வழிதான் அந்த நேரத்தில் அடைபட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

பயந்ததும் உடம்பில் இரண்டு அலைகள் எழுகின்றன. முதல் அலை நொடிக்கணக்கில் வரும். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு நரம்புக்கூட்டம் மூளை முழுவதும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைப் பாய்ச்சுகிறது. அதே சமயம் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் அட்ரினலினை விடுகிறது. இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இரண்டாவது அலை மெதுவானது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் மேலுறையைத் தூண்ட, அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வருகிறது. பயம் தொடங்கி 20 முதல் 30 நிமிடத்தில்தான் அது உச்சத்தைத் தொடும். அட்ரினலினால் மூளைக்குள் நேரடியாக அதிகம் நுழைய முடியாது. கொழுப்பில் கரையும் கார்ட்டிசால் சுலபமாக நுழைந்துவிடும்.

நார்அட்ரினலின் அளவாக இருக்கும்போது நெற்றிப் பக்க மூளை கூர்மையாக வேலை செய்கிறது. கணக்கின் படிகளை மனதில் வரிசையாகப் பிடித்து வைப்பது அந்தப் பகுதிதான். அளவு மீறினால் அதே ரசாயனம் வேறு வகை ஏற்பிகளில் (ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் நரம்புசெல்லின் பூட்டுகளில்) போய் ஒட்டி, அந்தப் பகுதியின் இணைப்புகளைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடுகிறது. யோசிக்கிற மூளை பின்வாங்கி, பழக்கத்தில் ஓடுகிற மூளை முன்னே வருகிறது. எதிரில் வரும் லாரியைப் பார்த்து ஒதுங்குவதற்கு இது உதவும். சமன்பாடு எழுத உதவாது. ஞாபகக் கிடங்கான ஹிப்போகேம்பஸில் கார்ட்டிசால் ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், முந்தைய நாள் சொற்களை மனப்பாடம் செய்தவர்களுக்குச் சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு உடம்பில் கார்ட்டிசாலாக மாறும் கார்ட்டிசோன் மருந்தை 25 மில்லிகிராம் கொடுத்தார்கள். சொற்களைத் தாமாக நினைவுபடுத்திச் சொல்வது குறைந்தது. ஆனால் சொற்களைக் காட்டி, 'இது பட்டியலில் இருந்ததா' என்று கேட்டபோது சரியாகவே சொன்னார்கள்.

உங்களுக்கான உத்தி இங்கேதான் இருக்கிறது. நெடுவினாவில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு மதிப்பெண் வினாக்களில் விடை கண் முன்னாலேயே இருக்கிறது, அதை அடையாளம் கண்டால் போதும். பதற்றத்திலும் அந்தத் திறன் அவ்வளவாகக் கெடுவதில்லை. அவற்றை முடிப்பதற்குள் முதல் அலை இறங்கியிருக்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. ஒன்பதரைக்குப் பள்ளி வாசலில் தோழிகள் சுற்றி நின்று "இது படிச்சியா, அது படிச்சியா" என்று கேட்டுப் பதறவைத்தால், அந்தக் கார்ட்டிசால் சரியாகப் பத்து மணிக்கு, தாள் கைக்கு வரும்போது உச்சத்தில் இருக்கும். கடைசி அரை மணி நேரம் தனியாக இருங்கள். புத்தகத்தை மூடிவிடுங்கள்.

வினாத்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடத்தை மூச்சுக்குக் கொடுங்கள். மூக்கால் நான்கு எண்ணிக்கை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, மொத்தம் பன்னிரண்டு. வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். பலர் 'ஆழமாக மூச்சு விடு' என்றதும் வேகமாகவும் பலமாகவும் இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் கூடும். இன்று முதல் தினமும் ஐந்து நிமிடம் பழகினால்தான் தேர்வு நாளில் கைகொடுக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது படிக்கிற முறை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தவர்களின் ஞாபகம் மன அழுத்தத்தில் சரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டுத் தமக்குத் தாமே சோதனை வைத்துப் படித்தவர்களுக்குச் சரியவில்லை. நீங்கள் ஒப்பிக்கிறீர்கள், அது நல்லது. ஆனால் வரிசையாக ஒப்பிப்பதில் ஒரு ஆபத்து உண்டு. முதல் வரி கிடைக்காவிட்டால் மொத்தமும் போய்விடும். பாடத்தை நடுவிலிருந்து, தலைகீழாக, கேள்விகளைக் கலைத்துப்போட்டு வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். வாரம் ஒரு முறை, காலை பத்து மணிக்கு, கடிகாரம் வைத்து முழுத்தாள் எழுதுங்கள்.

படபடப்புக்கென்று யாராவது புரோப்ரனலால் மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். ஆஸ்துமா இருப்பவருக்கு அது மூச்சை அடைத்துவிடும். காபி பழக்கம் இல்லையென்றால் தேர்வு மாதத்தில் அதையும் தொடங்க வேண்டாம்.

கேள்வி: வயது 47. கணவர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிறேன். பாலை அடுப்பில் வைத்து மறக்கிறேன், பெயர்கள் வருவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. டென்ஷனில் மூளை சுருங்கும் என்கிறார்களே, என் மூளை சுருங்கிவிட்டதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: மறதி ஒன்று, திடுக்கிடுதல் மற்றொன்று. இரண்டுக்கும் மூளையில் இடம் வேறு. மன அழுத்தம் அந்த இரண்டு இடங்களிலும் எதிரெதிராக வேலை செய்கிறது.

இதை அழகாகக் காட்டிய ஆய்வு பெங்களூருவில் நடந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு எலிகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாள் அசையவிடாமல் வைத்தது. ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியில் நரம்புக் கிளைகள் குட்டையாகின. பயத்தின் மையமான அமிக்டலாவிலோ கிளைகள் நீண்டு படர்ந்தன. இந்த முடிவு 2002-இல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் கண்டது இன்னும் முக்கியம். எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டபோது ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே இருந்தது.

எலியையும் மனிதரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் கஷ்டம் தீர்ந்த பிறகு மறதி சீக்கிரம் சரியாவதும், படபடப்பு மட்டும் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருப்பதும் மனிதரிடமும் காண்கிற ஒன்றுதான். அது உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள். 'சுருங்குவது' என்றால் செல்கள் செத்துவிட்டன என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கிளைகள் மடங்கிக்கொள்கின்றன, மீண்டும் துளிர்க்கும். கார்ட்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயாளிகளுக்குச் சிகிச்சைக்குப் பின் ஹிப்போகேம்பஸின் அளவு கூடியதை ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள். பெரிய தேர்வுக்கு ஒரு மாதம் உழைத்த மருத்துவ மாணவர்களின் நெற்றிப் பக்க மூளை இணைப்புகள் தளர்ந்திருந்ததும், தேர்வு முடிந்து ஒரு மாதத்தில் அவை சீரானதும் 2009-இல் பதிவாகியுள்ளன.

உங்களுக்கு முதல் மருந்து துண்டுபடாத தூக்கம். ஒரு நாள் சரியாகத் தூங்காவிட்டால் அடுத்த நாள் மாலையில் இறங்க வேண்டிய கார்ட்டிசால் இறங்காமல் நிற்கிறது. வாரத்தில் இரண்டு இரவாவது மகனோ, மைத்துனரோ, கூலிக்கு வரும் உதவியாளரோ கணவர் அருகில் படுக்கட்டும். நீங்கள் வேறு அறையில் ஆறு ஏழு மணி நேரம் எழாமல் தூங்குங்கள். படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்றுப் படுக்கை வாங்கினால் திருப்பிப் போடும் இடைவெளியை நீட்டலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் உங்களுக்கு இரண்டு விழிப்பு குறையும். இதை உதவி கேட்கும் கூச்சத்தால் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் விழுந்தால் அவரைப் பார்க்க ஆளில்லை.

அடுத்தது நடை. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்த முதியவர்களுக்கு ஒரு வருடத்தில் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே அளவு கிடைக்கவில்லை. ஆனாலும் தூக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடை நிச்சயம் உதவும்.

எல்லா மறதிக்கும் மன அழுத்தத்தையே காரணமாக்கிவிடக் கூடாது. தைராய்டு, வைட்டமின் பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை, இந்த நான்கையும் ஒரு முறை பாருங்கள். உங்கள் வயதில் மாதவிலக்கு நிற்கும் கட்டத்தின் ஹார்மோன் மாற்றமும் தூக்கத்தையும் நினைவையும் கலைக்கும். பால் பொங்கிவிடுவது கவனச் சிதறல். தெரிந்த தெருவில் வழி தவறுவது, சற்று முன் கேட்டதையே மறுபடி மறுபடி கேட்பது, பணக் கணக்கு பிடிபடாமல் போவது ஆகியவை வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் காலை கார்ட்டிசால் 19 என்று வந்தது. இணையத்தில் பார்த்தால் பயமாக இருக்கிறது. அஸ்வகந்தா சாப்பிட்டுக் குறைக்கலாமா?
– மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: காலை எட்டு மணி ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லை சற்று மாறும். உங்கள் 19 இயல்பானது. அதைக் குறைக்க எதுவும் செய்ய வேண்டாம்.

கார்ட்டிசால் நாளுக்குள் ஏறி இறங்குகிற ஹார்மோன். எழுந்து அரை மணி முதல் முக்கால் மணிக்குள் உச்சம், நள்ளிரவை ஒட்டி அடிமட்டம். டிராஃபிக்கில் அவதிப்பட்டு வந்து, ஊசியைப் பார்த்துப் பயந்தால்கூட எண் ஏறும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ரத்தத்தில் கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டி, எண்ணைப் பொய்யாக உயர்த்தும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வக முறைகளைக் குழப்பும். இதற்கு நேர்மாறு, கடையில் வாங்கும் சிவப்பழகு கிரீம்களில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு. முகத்தில் பல மாதம் தடவினால் உடம்பின் சொந்தக் கார்ட்டிசால் படுத்துவிடும்.

கார்ட்டிசால் உண்மையிலேயே மிகை என்று சந்தேகிக்க வேண்டியது எப்போது? வயிற்றில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதாக் கோடுகள், லேசாக இடித்தாலும் நீலம் பாய்வது, குந்தி உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாதது, இவற்றோடு புதிதாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அப்போதும் காலை ரத்தப் பரிசோதனை உதவாது. இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து மறுநாள் காலை 8 மணிக்குக் கார்ட்டிசாலைப் பார்ப்பார்கள். 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும். நள்ளிரவு உமிழ்நீர், 24 மணி நேரச் சிறுநீர் ஆகியவை மற்ற இரண்டு வழிகள். இவற்றை ஹார்மோன் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அஸ்வகந்தா சில சிறிய ஆய்வுகளில் கார்ட்டிசாலைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, தைராய்டு அளவையும் மாற்றலாம். குறையே இல்லாத எண்ணுக்காக அந்த ஆபத்து எதற்கு?

கேள்வி: மனச்சோர்வுக்குப் பத்து நாளாக எஸ்சிட்டாலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். குமட்டல்தான் மிச்சம். வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறதாமே, அதைச் சாப்பிட்டால் போதாதா?
– வாசகர், கோவை

பதில்: செரட்டோனின் என்பது நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் ரசாயனம். வாழைப்பழத்தில் இருப்பது உண்மை. அந்தச் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. உடம்பின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, குடலை அசைப்பது அதன் வேலைகளில் ஒன்று. உங்கள் குமட்டலுக்கும் அதுவே காரணம். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குறையும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

மாத்திரை முதல் நாளே நரம்பு இடைவெளியில் செரட்டோனினைக் கூட்டுகிறது. மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம் பிடிக்கிறது. அதற்குள் ஏற்பிகள் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும், நரம்பு இணைப்புகள் மெல்ல மாற வேண்டும். 'செரட்டோனின் குறைந்ததால் மனச்சோர்வு' என்ற எளிய விளக்கம் ஆய்வுகளில் நிற்கவில்லை. அதனால் மருந்து வீண் என்று ஆகிவிடாது. காய்ச்சல் பாராசிட்டமால் குறைவால் வருவதில்லை, ஆனாலும் பாராசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றலும், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி உணர்வும் வரலாம். முதல் வாரங்களில் பரபரப்பு அதிகமானாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் வீட்டார் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: போன், வீடியோ எல்லாவற்றையும் சில நாள் ஒதுக்கி வைக்கும் 'டோபமைன் விரதம்' இருந்தால் போன் பழக்கம் போகுமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: டோபமைன் மூளையில் ஆர்வத்தைத் தூண்டும் ரசாயனம். விரதத்தால் அது குறையாது, குறையவும் கூடாது. நடப்பதற்கே அது வேண்டும். எதிர்பார்த்ததைவிட நல்லது கிடைக்கும்போது டோபமைன் நரம்புகள் பொங்குகின்றன. அடுத்த வீடியோ எப்படி இருக்கும் என்று தெரியாததுதான் விரலைத் தள்ளவைக்கிறது. நோட்டிஃபிகேஷனை நிறுத்தி, இரவில் போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். பெயர் எதுவாக இருந்தாலும் பலன் தருவது இந்தப் பகுதிதான்.

கேள்வி: தினமும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகர், மதுரை, வயது 58

பதில்: உங்கள் கடைசி வரிக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தோம். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், பின்னிரவில் சர்க்கரை தாழ்ந்து, அதை ஏற்ற உடம்பு அட்ரினலினை விடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கெட்ட கனவு எல்லாம் அதனால் வரும். மூன்று நாள், விழித்த உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அன்று காலையே மருத்துவரிடம் மருந்தின் அளவை மாற்றச் சொல்லுங்கள்.

சர்க்கரை சரியாக இருந்தால், காபியைக் கவனியுங்கள். காஃபின் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணி ஃபில்டர் காபியில் கால் பங்கு மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கிறது. மதியம் பன்னிரண்டோடு நிறுத்திப் பாருங்கள். பின்னிரவில் கார்ட்டிசால் இயல்பாகவே ஏறத் தொடங்கும், தூக்கமும் மெலிதாகும். விழிப்பு வந்து இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால், எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குத் தோல் நோய்க்காக தினம் 60 மில்லிகிராம் பிரெட்னிசலோன். ஒரு வாரமாகத் தூங்காமல் ஓயாமல் பேசுகிறார், நடு இரவில் வீட்டைக் கழுவுகிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: நிறுத்தாதீர்கள், இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பிரெட்னிசலோன் கார்ட்டிசாலைப் போலவே மூளையின் ஏற்பிகளில் ஒட்டும் ஸ்டீராய்டு மருந்து. 1972-இல் வெளியான பாஸ்டன் கண்காணிப்பு ஆய்வில், இதே இனத்தைச் சேர்ந்த பிரெட்னிசோனில் தினம் 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், 41 முதல் 80 வரை எடுத்தவர்களில் 4.6 சதவீதத்தினருக்கும், 80-க்கு மேல் 18.4 சதவீதத்தினருக்கும் மனநலப் பாதிப்பு வந்தது. பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கும், அளவு குறையும்போது அடங்கும். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து சேர்க்கலாம், சில நாள் தூக்கத்துக்கும் பரபரப்புக்கும் மாத்திரை தரலாம். மருந்தைப் பிரித்துப் போடுகிறார்களா, மாலையில் போடுகிறார்களா என்று பாருங்கள். காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாகத் தரலாமா என்று கேளுங்கள்.

திடீரென நிறுத்துவது ஏன் ஆபத்து? வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் சொந்த அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர் சட்டென்று விட்டால் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மா மாத்திரையை வாந்தி எடுத்தாலோ, காய்ச்சலில் விழுந்தாலோ அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய் முதல் வார்த்தையாக "ஸ்டீராய்டு எடுக்கிறார்" என்று சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி அவர் பையிலேயே வையுங்கள்.